நாமினி பக்கத்தில் ஏழாம் எண்

ஹேமலதா எழுதிய முதல் ஆப்பைப் பார்த்துவிட்டு நிலோஃபர் திரையை மேலும் கீழும் தள்ளினாள். பிறகு, "மேடம், இது ஆப் இல்ல. கவர்மென்ட் கெஜட்" என்றாள்.

கறுப்புத் திரை. பச்சை எழுத்து. ஒரே பக்கத்தில் எண்பத்து நான்கு கட்டங்கள். கடைசி வரியில், 'வெளியேற F3 அழுத்தவும்' என்ற அறிவிப்பு.

"ஃபோன்ல F3 எங்க மேடம் இருக்கு?"

"இல்லையா? அப்ப எப்படி வெளிய வருவாங்க?"

"மூடிட்டுப் போயிடுவாங்க."

"பாதியிலயா?" ஹேமலதாவின் குரலில் உண்மையான அதிர்ச்சி.

நிலோஃபருக்கு இருபத்தொன்பது வயது. தென்னிலம் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் ஆப் பிரிவுத் தலைவி. ஹேமலதாவுக்கு ஐம்பத்து மூன்று. அதே நிறுவனத்தில் முப்பத்தொரு வருஷம் மெயின்ஃப்ரேம் என்ற மாபெரும் கணினிக்கு நிரல் எழுதியவள். அவள் எழுதியவை ஒரு நாளும் விழுந்ததில்லை. இரண்டு புயல், மூன்று நிர்வாக இயக்குநர்கள், ஒரு தீ விபத்து எல்லாவற்றையும் தாண்டி ஓடின. 2041 மார்ச்சில் பெருங்குடி தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பெரிய கணினியை மூடுகிறோம். அந்தப் பிரிவில் இருப்பவர்கள் முப்பது நாளில் ஆளுக்கு ஓர் ஆப் எழுதி, அரசுச் சோதனையில் தேறி, வெளியிட வேண்டும். தவறினால் விருப்ப ஓய்வு. யாருடைய விருப்பம் என்று சுற்றறிக்கை சொல்லவில்லை.

புது மொழியைக் கற்க அவளுக்கு நான்கு நாள் ஆனது. அது அவளுக்குப் பதினோராவது மொழி. மொழிகளெல்லாம் சகலைகள் மாதிரி, ஒருத்தரைத் தெரிந்தால் மற்றவரோடு பேசிவிடலாம். பழக்கத்தை விடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. பெரிய கணினிக்கு எதிரே உட்காருபவர் சம்பளத்துக்கு உட்காருபவர். கேட்டதைப் போடுவார், எழுந்து போக மாட்டார். ஃபோன்காரன் அப்படியில்லை. பேருந்தில் தொங்குவான், குழந்தைக்கு ஊட்டுவான், நடுவில் ஒரு கிரிக்கெட் ஓவர் பார்ப்பான்.

"அதனால ஒவ்வொரு பக்கமும் முடிஞ்சதும் சேமிச்சு வைங்க மேடம்" என்றாள் நிலோஃபர்.

"அரைகுறைப் படிவத்தையா? மாட்டேன். ஒரு பதிவு முழுசா இருக்கணும், இல்லன்னா இருக்கவே கூடாது. நீ பொறக்கிறதுக்கு முன்னாடிலேர்ந்து எங்க டிபார்ட்மென்ட்ல அதான் சட்டம்."

நிலோஃபர் வாதாடவில்லை. பச்சை எழுத்தையும் F3-ஐயும் பிடுங்கியதே அந்த வாரத்துக்குப் போதுமான வெற்றி.

எண்பத்து நான்கு கட்டங்கள் எட்டுப் பக்கங்களாகப் பிரிந்தன. புதிய பாலிசி எடுக்கவும் பழையதைத் திருத்தவும் உதவும் ஆப். பெயர், முகவரி, உடல்நலம், வருமானம், ஆறாம் பக்கத்தில் நாமினி, அதாவது போனால் பணம் யாருக்கு என்ற விவரம். எட்டாம் பக்கத்தில் கையெழுத்து. இருபத்து மூன்றாம் நாள் ஆப் சோதனைக்குப் போனது.

"யார் சோதிப்பாங்க?" என்று கேட்டாள் ஹேமலதா.

"ஒத்திகை மனிதர்கள். பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் கடைசிப் பக்கம் வரைக்கும் போய்க் கையெழுத்துப் போட்டாத்தான் பாஸ்."

"நிஜ ஆளுங்களா?"

"நிஜ ஆளுங்களோட நகல். யாரோ ஒருத்தர் தன்னோட ஃபோனை ரெண்டு வருஷம் கவனிச்சுக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருப்பாரு. எப்படித் தொடுறாரு, எங்க தயங்குறாரு, எப்பச் சலிச்சுக்கிறாரு, என்ன பேசுறாரு, எல்லாத்தையும் சேர்த்து ஒரு ஆளைப் பண்ணிடறாங்க. பேர் நமக்குத் தெரியாது. நம்பர் மட்டும்தான். கணினிக்குள்ள அவங்களுக்குன்னு ஒரு பெட்டி. உள்ள ஒரு நாற்காலி, ஒரு ஃபோன், ஒரு மத்தியானம். அவ்வளவுதான் அவங்க உலகம். சோதனை முடிஞ்சா அழிச்சுட்டு மறுபடி அதே மத்தியானத்துலேர்ந்து ஆரம்பிப்போம்."

"பாவம்."

"அவங்களுக்கு ஞாபகம் இருக்காது மேடம்."

முதல் ஓட்டத்தில் பதினொரு பேர் தேறினார்கள். எட்டாம் எண் பிரமாதம். மூன்று நிமிஷம் நாற்பது நொடியில் முடித்து, உதவிப் பக்கத்தில் இருந்த ஓர் எழுத்துப்பிழையையும் புகார் செய்திருந்தது. ஹேமலதாவுக்கு அந்த எட்டாம் எண்ணை ரொம்பப் பிடித்துப்போனது.

ஏழாம் எண் தேறவில்லை.

ஆறாம் பக்கம் வரை வந்தது. நாமினியின் பெயரை எழுதியது. அங்கேயே நின்றது. மூன்று நிமிஷம் எதுவும் தொடவில்லை. பிறகு திரும்பி வந்து, முதல் பக்கத்தைப் பார்த்து, ஆப்பை மூடிவிட்டது. ஹேமலதா பொத்தானைப் பெரிதாக்கினாள். நிறத்தை மாற்றினாள். நாமினி என்றால் என்ன என்று நான்கு வரி விளக்கம் சேர்த்தாள். ஒவ்வொரு முறையும் ஏழாம் எண் ஆறாம் பக்கத்தில் நின்றது, மூன்று நிமிஷம் காணாமல் போனது, வந்து மூடியது.

இருபத்தாறாம் நாள் காலை, இருபதாவது ஓட்டத்தின் தொடுகைப் பதிவை வரி வரியாகப் படிக்க உட்கார்ந்தாள். கணினி விழுந்தால் அதன் நினைவகத்தை அச்சடித்துப் படித்துத் தேறியவள். இதெல்லாம் அவளுக்குத் தினத்தந்தி படிப்பது மாதிரி.

ஏழாம் எண் எந்தப் பொத்தானையும் இரண்டு முறை அமுக்குகிறது. கட்டைவிரலால் தொடுவதே இல்லை. மோதிர விரல். விதிமுறைப் பக்கத்தைக் கடைசி வரை தள்ளிவிட்டு, மறுபடி மேலே போய், அதன் பிறகே ஒப்புக்கொள்கிறது. முதல் கட்டத்தில் எழுதும் முன் ஒரே ஓர் எழுத்தைப் போட்டு அழிக்கிறது. பிள்ளையார் சுழி. ஃபோனில் 'உ' போட்டு அழித்துவிட்டுப் படிவம் நிரப்பும் ஓர் ஆள்!

ஹேமலதா சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது.

அன்று சாயங்காலம் பள்ளிக்கரணை வீட்டின் பால்கனியில் அவள் கணவன் கோபிநாத் மின்கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார். பேட்டரி தொழிற்சாலையில் தர ஆய்வாளர். எதையும் ஒரு முறை செய்து நம்பாத உத்தியோகம். ஹேமலதா காபியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

மோதிர விரல். 'உ'. அழித்தார். எண்ணை எழுதினார். பொத்தானை அமுக்கினார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை அமுக்கினார்.

"என்ன ஹேமா, அப்படிப் பார்க்கிற?"

"ஒண்ணுமில்ல. எதுக்கு ரெண்டு தடவை?"

"முதல் தடவை அதுக்குக் கேட்டிருக்காதுன்னா?"

இருபத்தெட்டு வருஷத்துத் தாம்பத்தியத்தில் இதை அவள் கவனித்ததே இல்லை. அவர் அவளுடைய பார்வையை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, தலையைக் கோதிக்கொண்டார். "காபி நல்லாருக்கு" என்றார். அதுவும் ரொம்ப நாளைக்குப் பிறகு.

இரவு முழுக்க ஒரே கேள்விதான் ஹேமலதாவைக் குடைந்தது. யாரிடமும் சொல்லாமல் இந்த மனுஷன் தன் நகலைக் கொடுத்தது கூட அப்புறம். நாமினி பக்கத்தில் ஏன் நிற்கிறார்? மனைவி பெயரை எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவதற்கு மூன்று நிமிஷம் என்ன யோசனை? சோதனை தேறும் வரை ஒத்திகை மனிதர் எழுதியது திரையில் தெரியாது. எழுத்துக்கு ஒரு புள்ளி மட்டும். நாமினி பெயரில் நான்கு புள்ளிகள். ஹேமலதா நான்கு எழுத்து. கோபிநாத்தின் அலுவலகத்தில், பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் அவருக்கு மைசூர்பாகு கொடுக்கும் சாருமதியும் நான்கு எழுத்து.

மறுநாள் அலுவலகத்தில் அவள் இருபத்தொரு முறை ஏழாம் எண்ணை ஓட்டினாள். வேலைக்காகவா, வீட்டுக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. மொத்தம் நாற்பத்தொன்று.

மதியம் நிலோஃபர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மேடம், மூணு நாள்தான் இருக்கு. ஒரே ஆளோட இவ்வளவு மல்லுக்கட்டறீங்களே!"

"இருபத்தெட்டு வருஷமா மல்லுக்கட்டறேன். இது என் வீட்டுக்காரர்."

நிலோஃபர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தாள். "நிஜமாவா?"

"'உ' போடறார். ரெண்டு தடவை அமுக்கறார். நாமினி பக்கத்துல நிக்கிறார். என்ன யோசிக்கிறார்னு எனக்குத் தெரியணும்."

"சத்தம் வச்சுக் கேட்டீங்களா?"

"சத்தமா?"

"பெட்டிக்குள்ள மைக் இருக்கு மேடம். பார்வை இல்லாதவங்களுக்கான ஆப் சோதிக்கறப்ப வேணும்னு வச்சது. நாங்க யாரும் போட மாட்டோம். ஒருத்தர் பேசறதைக் கேட்டுட்டா அப்புறம் அழிக்கக் கை வராது. புதுசா சேர்ந்தப்ப நான் ஒரு பாட்டுப் பாடற ஆள்கிட்ட மாட்டிக்கிட்டு ஒரு வாரம் லீவு போட்டேன்."

"போடு."

நாற்பத்திரண்டாவது ஓட்டம். ஒலிபெருக்கியில் முதலில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு தொண்டையைச் செருமும் சத்தம். சந்தேகமே இல்லை. கோபிநாத்.

"ம்... பேரு... போட்டாச்சு. அட்ரஸ்... பின்கோடும் வேணுமாக்கும்... சுகர் இருக்கான்னு கேக்கறான். லேசா இருக்குன்னு போடறதுக்கு இடம் இல்லையே..."

நிலோஃபர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஹேமலதாவின் கண் ஆறாம் பக்கத்திலேயே இருந்தது.

"நாமினி. சரி." நான்கு புள்ளிகள். "மனைவி பேரு... போட்டாச்சு." ஹேமலதா அதுவரை பிடித்திருந்த மூச்சை விட்டாள். "பிறந்த தேதி... பிறந்த தேதியா? ஆனி மாசம், அவிட்டம். வருஷா வருஷம் அர்ச்சனை பண்றேன். இவன் தேதி கேக்கறானே. அதுலயும் சர்டிபிகேட்ல அவங்க ஹெட்மாஸ்டர் வேற என்னமோ போட்டு வச்சிருக்காரு... இரு, கேட்டுடலாம்."

நாற்காலி நகர்ந்தது. ஃபோனைக் கீழே வைக்கும் சத்தம்.

"ஹேமா!"

பெட்டிக்குள் அமைதி.

"ஏ, ஹேமா! உன் சர்டிபிகேட் தேதி என்ன? சமையல் ரூம்லயா இருக்க?... ஹேமா?... குளிக்கிறா போல."

காலடிச் சத்தம். போக ஓர் அறை கூட இல்லாத இடத்தில் இரண்டு அடி இங்கே, இரண்டு அடி அங்கே. "ஹேமா?" என்றது குரல், இந்த முறை கொஞ்சம் சின்னதாக. மறுபடி அமைதி. மூன்று நிமிஷம் கழித்து நாற்காலி கிறீச்சிட்டது. ஃபோனை எடுக்கும் சத்தம். "அட, எல்லாம் போயிடுச்சே. மறுபடி முதல்லேர்ந்தா? போடா." ஆப் மூடிக்கொண்டது.

நிலோஃபர் மேஜை மீதிருந்த பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்திரண்டு தடவை கூப்பிட்டிருக்கார்" என்றாள் ஹேமலதா.

"அவருக்கு அது ஒரு தடவைதான் மேடம்."

"எனக்கு நாப்பத்திரண்டு." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். "ஏன் எல்லாம் போயிடுச்சு? ஆறு பக்கம் எழுதி வச்சிருந்தாரே?"

"ஃபோன்ல அப்படித்தான். மூணு நிமிஷம் யாரும் தொடலைன்னா, இடம் வேணும்னு சிஸ்டம் நம்ம ஆப்பைக் கொன்னுடும்."

"சொல்லாமலா?"

"ஒரே ஒரு தடவை சொல்லும், கொல்லப் போறேன்னு. அந்த நேரத்துல எல்லாத்தையும் எழுதி வச்சுக்கணும். அதுக்குன்னு ஒரு இடம் உங்க நிரல்ல இருக்கு. நீங்க அதைக் காலியா விட்டுட்டீங்க."

"அரைகுறைப் பதிவு கூடாதுன்னு."

"ஆமா."

ஹேமலதா விசைப்பலகையை இழுத்தாள். முப்பத்தொரு வருஷத்துச் சட்டத்தை மீற அவளுக்கு ஒன்பது வரிகள் தேவைப்பட்டன. எந்த நொடியில் எழுந்து போனாலும், எழுதியது அப்படியே காத்திருக்கும். பிறகு ஆறாம் பக்கத்தில் தேதிக் கட்டத்துக்குக் கீழே புதிதாக ஒரு பொத்தான் வைத்தாள். 'கேட்டுச் சொல்கிறேன்.' அதை அமுக்கினால் தேதி இல்லாமலே மேலே போகலாம். ஒரு வாரத்துக்குள் சொன்னால் போதும்.

"சட்டப்பிரிவு ஒத்துக்குமா?" என்றாள் நிலோஃபர்.

"அவங்க வீட்டுக்காரி பொறந்த தேதியை ஒவ்வொருத்தர்கிட்டயும் கேளு. ஒத்துப்பாங்க."

நாற்பத்து மூன்றாவது ஓட்டம். ஏழாம் எண் கூப்பிட்டது. காத்திருந்தது. திரும்பி வந்தது. "பரவாயில்லையே, அப்படியே இருக்கு" என்றது. 'கேட்டுச் சொல்கிறேன்' பொத்தானை அமுக்கியது. இரண்டு முறை. எட்டாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டது. திரையில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று வந்தது. நான்கு புள்ளிகள் விலகி எழுத்துகள் தெரிந்தன. ஹேமலதா.

நிலோஃபர் அவளைக் கட்டிக்கொண்டு, இனிப்பு வாங்கி வர ஓடினாள்.

அழிக்கும் பொத்தானுக்கு மேலே ஹேமலதாவின் விரல் நின்றது. பக்கத்தில் இன்னொரு பொத்தான் இருந்தது, உதவிக் குரல். அமுக்கினால் இங்கே பேசுவது பெட்டிக்குள் கேட்கும். முடிவு பதிவாகிவிட்டது, இனி எதுவும் முறைகேடாகாது. அதை அமுக்கினாள்.

"மே இருபதுங்க" என்றாள் மெதுவாக.

"அப்பாடா!" என்றது ஒலிபெருக்கி. "இவ்வளவு நேரம் எங்க போயிருந்த?"

"இங்கதான். பக்கத்துலதான்."

"மே இருபது. சரி, போட்டுக்கிறேன். காபி போடறியா?"

"போடறேன்" என்றாள். சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அழிக்கும் பொத்தானை அமுக்கினாள்.

சாயங்காலம் வீட்டில் விசாரணை. கோபிநாத் ஓடவோ ஒளியவோ பார்க்கவில்லை.

"ஆமா, குடுத்தேன். மூணு வருஷம் முன்னாடி, மால்ல ஒரு ஸ்டால் போட்டிருந்தாங்க. பேரே வராதுன்னாங்க. ஒரு ஏர் ஃபிரையர் குடுத்தாங்க."

"ஏர் ஃபிரையருக்கா உங்களையே தூக்கிக் குடுத்தீங்க?"

"அதுலதானே வாழைக்காய் போடற, நல்லாருக்குன்னு சாப்பிடற! அதுவும் எனக்கு மட்டுமா குடுத்தாங்க? தம்பதியா சேர்ந்தாத்தான் ஏர் ஃபிரையர். தனியாளுக்கு ஒரு குடை. உன் ஃபோனுக்கும் வந்துதே. நீதான் 'ஒப்புக்கொள்கிறேன்'னு தட்டின."

"நானா? படிக்காமலா?"

"நான் அடி வரைக்கும் படிச்சேன். நீ பட்டுனு தட்டிட்ட. நம்பர் கூட அடுத்தடுத்து வரும்னு சொன்னாங்க."

அடுத்தடுத்த எண். ஏழுக்கு அடுத்தது எட்டு. மூன்று நிமிஷம் நாற்பது நொடி. உதவிப் பக்கத்துப் பிழையைக் கூட விடாத எட்டாம் எண். முதல் ஓட்டத்திலேயே தேறியதால், அது என்ன எழுதியது என்று அவள் திறந்து பார்த்ததே இல்லை.

பால்கனிக்குப் போய், அலுவலகப் பக்கத்தில் நுழைந்து, எட்டாம் எண்ணின் படிவத்தைத் திறந்தாள். பெயர் மறைக்கப்பட்டிருந்தது. மற்றவை இருந்தன. ஆறாம் பக்கம். நாமினி: பிரசன்னா. உறவு: சகோதரன். பிறந்த தேதியும் கச்சிதமாக இருந்தது. அந்தப் பக்கத்தில் செலவான நேரம் பதினொரு நொடி.

பிரசன்னா அவள் தம்பி. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளை நீக்கிய நாளிலிருந்து ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. கல்யாணத்துக்கு முன்னால், வேலையில் சேர்ந்த புதிதில் எடுத்த முதல் பாலிசியில் அவன் பெயரைப் போட்டிருந்தாள். அடுத்த பாலிசிக்கு அதையே பார்த்து எழுதினாள். அதற்கடுத்ததற்கும் அதையே. ஓடுகிற எதிலும் கை வைக்காதே என்பது அவள் பிரிவின் இன்னொரு சட்டம். நகல் அவளை அப்படியே உரித்து வைத்திருந்தது.

சாருமதியின் மைசூர்பாகை நினைத்து இரவெல்லாம் புரண்டு படுத்தது ஞாபகம் வந்தது. ஹேமலதா அந்தப் பக்கத்தை மூடினாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். கோபிநாத் உள்ளே குளியலறையில் இருந்தார்.

முப்பதாம் நாள் அந்த ஆப் வெளியானது. 'கேட்டுச் சொல்கிறேன்' பொத்தானை முதல் நாளே நாலாயிரம் பேர் அமுக்கினார்கள் என்றும், அதில் பெரும்பாலானோர் கணவர்கள் என்றும் நிலோஃபர் ஒரு வரைபடம் போட்டு அனுப்பினாள். சுற்றறிக்கையில் ஹேமலதாவின் பெயர் வந்தது. அன்று சாயங்காலமே அவள் பால்கனியில் உட்கார்ந்து, தன் ஃபோனில் தன் ஆப்பைத் திறந்தாள். நாமினி மாற்றம். பிரசன்னாவை அழித்தாள். கோபிநாத் என்று எழுதினாள். உறவு: கணவர்.

பிறந்த தேதி.

விரல் நின்றது. ஐப்பசி மாசம் என்று தெரியும். அன்றைக்குப் பாயசம் வைப்பாள். என்ன தேதி? அவருக்கும் ஒரு ஹெட்மாஸ்டர் இருந்திருப்பாரே?

"என்னங்க!"

பதில் இல்லை. உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. ஃபோனை வைத்துவிட்டு எழுந்தாள். சமையலறை காலி. படுக்கையறை காலி. "என்னங்க?" என்றாள் மறுபடி. தன் குரல் கொஞ்சம் சின்னதாக வந்ததை அவளே கேட்டாள்.

குளியலறையில் குழாய் நின்றது.

"என்ன ஹேமா?"

குளியலறைக் கதவருகே போனாள். "உங்க பொறந்த தேதி என்ன?"

"எது, சர்டிபிகேட்டா? நிஜமா?" ஒரு நொடி இடைவெளி. பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு. "அதான் ஒரு பட்டன் வச்சிருக்கியே, அதை அமுக்கு!"

ஹேமலதா பால்கனிக்குத் திரும்பினாள். எழுதியதெல்லாம் அப்படியே காத்திருந்தது. 'கேட்டுச் சொல்கிறேன்' பொத்தானை அமுக்கினாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை அமுக்கினாள்.